கட்டற்ற மென்பொருளில் பயனர் பங்களிப்பு

கட்டற்ற மென்பொருளில் பயனர் பங்களிப்பு என்பது, நிரல் எழுதத் தெரியாத அல்லது எழுத விரும்பாத சாதாரணப் பயனர் ஒருவர், தாம் பயன்படுத்தும் மென்பொருளின் உருவாக்குநர்களோடு தொடர்பு கொண்டு அதன் வளர்ச்சிக்குத் துணை செய்வதைக் குறிக்கும். வழுக்களை அறிவித்தல், ஐயம் கேட்டல், பிறருடைய ஐயங்களைத் தீர்த்தல், புதிய வசதிகளைக் கோருதல், இடைமுகத்தை மொழிபெயர்த்தல், உதவி ஆவணங்களைத் திருத்துதல், வெள்ளோட்டப் பதிப்புகளைச் சோதித்தல் ஆகியவை இதில் அடங்கும்.

தமிழ் போன்ற மொழிகளைப் பொறுத்தவரை இப்பங்களிப்பு தனிச் சிறப்புடையது. உலகில் பரவலாகப் பயன்படும் கட்டற்ற மென்பொருட்களின் உருவாக்குநர்களில் பெரும்பாலோர் தமிழ் அறியாதவர்கள். திரையில் ஒரு தமிழ்ச் சொல் உடைந்து தோன்றினாலும், அகரவரிசை பிறழ்ந்திருந்தாலும் அவர்களால் அதைக் கண்டறிய இயலாது. மதுரையில் திருமண அழைப்பிதழ் அச்சிடும் ஒருவர், திருமங்கலத்தில் மாணவர் பட்டியல் தயாரிக்கும் ஓர் ஆசிரியர் போன்றோரே அக்குறையை முதலில் காண்பவர்கள். அவர்கள் கூறாவிடில் அக்குறை பல ஆண்டுகள் அப்படியே நீடிக்கக்கூடும்.

பின்னணி

கட்டற்ற மென்பொருள் இயக்கம் பயனர் ஒருவரின் மனக்குறையிலிருந்தே தோன்றியது எனலாம். 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன், ஆய்வகத்தின் அச்சுப்பொறி அடிக்கடி சிக்கிக்கொள்வதைச் சரிசெய்ய விரும்பினார். அதன் மென்பொருளுக்குரிய மூலநிரல் அவருக்குக் கிடைக்கவில்லை. இத்தகைய பட்டறிவுகளின் தொடர்ச்சியாக 1983ஆம் ஆண்டு அவர் க்னூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் பயனருக்கு உரிமை உண்டு என்பது அதன் அடிப்படைக் கொள்கையாகும்.

1991ஆம் ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் நாள், ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் தாம் ஓர் இயக்குதளத்தை எழுதி வருவதாக இணையச் செய்திக் குழு ஒன்றில் அறிவித்தார். அப்போது புழக்கத்தில் இருந்த மினிக்ஸ் இயக்குதளத்தில் தங்களுக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று பிறரிடம் அவர் அவ்வறிவிப்பிலேயே கேட்டிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இவ்வாறு தோன்றியதே பின்னர் லினக்ஸ் எனப் பெயர் பெற்றது.

எரிக் ரேமண்ட் 1997ஆம் ஆண்டு வெளியிட்ட ஒரு கட்டுரையில், பயனர்களை உடன் உருவாக்குநர்களாக நடத்துவதே லினக்சின் விரைவான வளர்ச்சிக்குக் காரணம் என வாதிட்டார். ஒரு மென்பொருளைப் பலர் பல சூழல்களில் பயன்படுத்தும்போது, எவ்வளவு மறைவான வழுவும் எவரேனும் ஒருவர் கண்ணில் படும் என்பது அவர் கருத்தின் சாரம்.

தொடக்கத்தில் பயனர்கள் உருவாக்குநருக்கு நேரடியாக மின்னஞ்சல் அனுப்பினர். பின்னர், அறிக்கைகளை எண்ணிட்டுத் தொகுத்து, ஒவ்வொன்றின் நிலையையும் எவரும் பார்க்கும் வகையில் காட்டும் வழுத்தட அமைப்புகள் தோன்றின. டெபியன் திட்டம் மின்னஞ்சல் வழியாகவே இயங்கும் வழுத்தட அமைப்பைக் கொண்டுள்ளது. மொசில்லா திட்டத்துக்காக 1998இல் உருவாக்கப்பட்ட பக்சில்லா வேறு பல திட்டங்களிலும் பயன்பட்டது. 2008இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் தளத்துக்குப் பின்னர், சிறிய திட்டங்களுக்கும் இவ்வசதி எளிதாயிற்று.

பங்களிப்பின் வகைகள்

நிரல் எழுதாத பயனர் ஒருவர் செய்யக்கூடிய பணிகளைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

* வழு அறிவித்தல்: மென்பொருள் எதிர்பார்த்தவாறு இயங்காதபோது அதை உரிய முறையில் தெரிவித்தல்.
* வசதி கோருதல்: இல்லாத ஒரு வசதியின் தேவையைக் காரணத்துடன் விளக்குதல்.
* உறுதி செய்தல்: பிறர் அறிவித்த வழு தம் கணினியிலும் நிகழ்கிறதா எனச் சோதித்துத் தெரிவித்தல்.
* மொழிபெயர்த்தல்: பட்டியல்கள், பொத்தான்கள், செய்திகள் ஆகியவற்றைத் தம் மொழியில் தருதல்.
* ஆவணமாக்கல்: நிறுவும் முறை, பயன்படுத்தும் முறை ஆகியவற்றை எழுதுதல்.
* தரவு வழங்கல்: குரல் பதிவு, மெய்ப்புப் பார்த்த உரை முதலியவற்றை அளித்தல். 2017இல் மொசில்லா தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தில், தமிழ் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்வதன் மூலம் எவரும் பங்கேற்கலாம்.

இவற்றுள் உறுதி செய்தல் பலராலும் அறியப்படாதது. ஒரே ஒருவருக்கு மட்டும் நிகழும் வழுவை உருவாக்குநர் தம் கணினியில் மீண்டும் நிகழ்த்திப் பார்ப்பது கடினம். வேறொரு கணினியில், வேறொரு பதிப்பில் அதே வழு நிகழ்கிறது என இன்னொருவர் கூறும்போது காரணத்தைத் தேடும் பரப்பு பெரிதும் குறைகிறது.

வழு அறிக்கை

மேற்கண்டவற்றுள் மிக அடிப்படையானது வழு அறிக்கையாகும். பயனரின் திரையில் நிகழ்ந்ததை உருவாக்குநர் தம் திரையில் அவ்வாறே நிகழ்த்திக் காண உதவுவதே இதன் நோக்கம். தம்மால் மீண்டும் நிகழ்த்த முடியாத வழுவைத் திருத்துவது உருவாக்குநருக்கு ஏறத்தாழ இயலாத செயலாகும். ஒரு நல்ல அறிக்கையில் பொதுவாகப் பின்வரும் கூறுகள் இருக்கும்.

1. மென்பொருளின் பெயரும் பதிப்பு எண்ணும்.
2. இயக்குதளத்தின் பெயரும் பதிப்பும்.
3. வழு நிகழும் வரை செய்த செயல்கள், வரிசைப்படி.
4. எதிர்பார்த்த விளைவு.
5. உண்மையில் கிடைத்த விளைவு.
6. இயன்றால் திரைப்பிடிப்பும், வழுவைக் காட்டும் சிறிய மாதிரிக் கோப்பும்.

ஓர் எடுத்துக்காட்டு

கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியெண் உண்டு. ஒருங்குறியின் தமிழ்ப் பகுதியில் எழுத்துகள் தமிழ் நெடுங்கணக்கு வரிசையில் அமையவில்லை. பிற இந்திய மொழிகளோடு இணையாக அமைக்கும் பொருட்டு, நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையே ஜகரமும் வைக்கப்பட்டன. ஆகவே, குறியெண்ணை மட்டும் கொண்டு வரிசைப்படுத்தும் மென்பொருளில் கனிமொழி என்ற பெயர் கமலா என்ற பெயருக்கு முன்னர் வரும். தமிழ் அகரவரிசையில் மகரம் முன்னும் னகரம் இறுதியிலும் வருவதால் கமலாவே முதலில் வரவேண்டும். அவ்வாறே, தமிழ் எழுத்துகளுக்குப் பின் வரவேண்டிய ஜகரப் பெயர்கள் தகரப் பெயர்களுக்கு முன்னே சென்றுவிடும்.

இக்குறையைக் காணும் ஆசிரியர் ஒருவர் "உங்கள் மென்பொருளில் தமிழ் சரியாக வேலை செய்யவில்லை" என்று எழுதினால், தமிழ் அறியாத உருவாக்குநரால் எதுவும் செய்ய இயலாது. எழுத்து தெரியவில்லையா, தட்டெழுத முடியவில்லையா, அச்சாகவில்லையா என்பது அவருக்கு விளங்காது.

அதே ஆசிரியர், "கனிமொழி, கமலா என்ற இரு பெயர்களை ஒரு நிரலில் இட்டு ஏறுவரிசைக் கட்டளையைக் கொடுத்தேன். கமலா முதலில் வரவேண்டும். ஆனால் கனிமொழி முதலில் வருகிறது. தமிழில் னகரம் மெய்யெழுத்துகளுள் இறுதியானது, மகரம் அதற்கு முன் வருவது" என்று எழுதினால், உருவாக்குநருக்குத் தமிழ் தெரிய வேண்டியதில்லை. அவ்விரு சொற்களைப் படியெடுத்து ஒட்டி அரை நிமிடத்தில் சோதித்துவிடலாம். வரிசைப்படுத்தலை மொழிவாரியாகச் சரியாகச் செய்யும் பொது நிரலகங்கள் ஏற்கெனவே உள்ளமையால், அவற்றுள் ஒன்றை இணைப்பதே தீர்வாக அமையக்கூடும். இங்கு ஆசிரியர் அளித்தது தமிழறிவு மட்டுமே. திருத்தத்துக்கு இன்றியமையாததும் அதுவே.

அறிக்கை அனுப்பிய பின்

பெறப்பட்ட அறிக்கை முதலில் வகைப்படுத்தப்படும். முன்னரே ஒருவர் அறிவித்த வழுவாயின் அது பழைய அறிக்கையுடன் இணைக்கப்படும். போதிய தகவல் இல்லையெனில் மேலும் விவரம் கேட்கப்படும். இக்கேள்விக்கு விடை வராமையால் மூடப்படும் அறிக்கைகள் பல. வழு உறுதியானால் உருவாக்குநர் ஒருவர் அதை ஏற்றுத் திருத்துவார். திருத்தம் அடுத்த வெளியீட்டில்தான் பயனரை அடையும். லினக்ஸ் வழங்கல்களில், மூலத் திட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் வழங்கலின் பொதியை வந்தடைய மேலும் பல மாதங்கள் ஆகலாம். "திருத்தப்பட்டது" என்ற குறிப்பைக் கண்ட பின்னரும் தம் கணினியில் வழு நீடிப்பதைக் காணும் புதிய பயனர்கள் குழப்பமடைவதற்கு இதுவே காரணம்.

மூடப்படும் எல்லா அறிக்கைகளும் திருத்தப்பட்டவை அல்ல. "இது வழு அன்று, இவ்வாறே வடிவமைக்கப்பட்டது" என்றும், "திருத்தப்போவதில்லை" என்றும் விடை வருவதுண்டு. அவ்விடையை ஏற்காதவர் புதிய சான்றுகளுடன் மீண்டும் விளக்கலாம்.

தமிழ்க் கணிமையில்

தமிழ்க் கணிமையின் வரலாற்றில் தன்னார்வப் பயனர்களின் பங்கு பெரியது. 1990களில் தமிழுக்கெனப் பல எழுத்துருக் குறியாக்கங்கள் நிலவின. ஒருவர் எழுதியதை மற்றொருவர் படிக்க அதே எழுத்துருவை நிறுவ வேண்டியிருந்தது. இச்சிக்கலைத் தீர்க்க 1997ஆம் ஆண்டு முதல் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியே கலந்துரையாடி உருவாக்கியதே தகுதரம் எனப்பட்ட டிஸ்கி குறியாக்கமாகும். 1999ஆம் ஆண்டு பெப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, தமிழக அரசு தமிழ்99 விசைப்பலகையையும் டாம், டாப் குறியாக்கங்களையும் தரப்படுத்தியது. பின்னர் இவற்றின் இடத்தை ஒருங்குறி பெற்றது.

மதுரைத் திட்டம்

மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்னுரைகளாக்கி இணையத்தில் இலவசமாக வழங்கும் தன்னார்வ முயற்சியாகும். 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளன்று சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் வாழும் குமார் மல்லிகார்சுனன் ஆகியோர் இதைத் தொடங்கினர். சங்கம் இருந்த நகரின் பெயரைத் தாங்கியிருப்பினும் இத்திட்டத்துக்கு மதுரையில் அலுவலகம் எதுவும் இருக்கவில்லை. பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் தத்தம் வீடுகளில் நூல்களைத் தட்டெழுதியும் மெய்ப்புப் பார்த்தும் மின்னஞ்சலில் அனுப்பினர்.

இது ஒரு மென்பொருள் திட்டம் அன்று. எனினும் இதன் செயல்முறை கட்டற்ற மென்பொருள் ஆக்கத்தை ஒத்தது. ஒருவர் உள்ளிட்டதை மற்றொருவர் திருத்துவார். வெளியான பின்னரும் பிழை கண்ட வாசகர் அதைத் தெரிவிக்கலாம். தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் மின்னுரையின் முகப்பில் இடம்பெறும். அம்முகப்பை நீக்காமல் எவரும் கோப்பைப் பகிரலாம். மின்னுரைகள் தொடக்கத்தில் மயிலை எழுத்துருவிலும், பின்னர் டிஸ்கியிலும், அதன் பின்னர் ஒருங்குறியிலும் வெளியிடப்பட்டன. ஒரே படைப்பு மூன்று குறியாக்கங்களைக் கடந்து இன்றும் படிக்கத்தக்கதாக இருப்பது, அதைத் தொடர்ந்து பேணிய தன்னார்வலர்களாலேயே ஆகும். இலங்கைத் தமிழ் நூல்களுக்கான நூலகம் திட்டம் 2005ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது.

ஒருங்குறியும் எழுத்துச் சிக்கல்களும்

ஒருங்குறி வந்த பின்னரும் எல்லாச் சிக்கல்களும் தீர்ந்துவிடவில்லை. தமிழ் படிப்பவர் மட்டுமே காணக்கூடிய வழுக்கள் சில பின்வருமாறு.

* ஸ்ரீ: ஶகரத்துக்கு ஒருங்குறியில் 2005ஆம் ஆண்டு வெளியான 4.1 பதிப்பிலேயே இடம் கிடைத்தது. அதற்கு முன்னர் ஸகரத்தைக் கொண்டு ஸ்ரீ எழுதப்பட்டது. இன்று இரு முறைகளும் புழக்கத்தில் உள்ளன. திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஆனால் அழைப்பிதழ்க் கோப்பு ஒன்றில் ஒரு வகையில் எழுதிய ஸ்ரீயை மறு வகையில் தேடினால் சில மென்பொருட்களில் கிடைப்பதில்லை.
* ஒகர உயிர்மெய்: கொ என்பதன் குறியை ஒரே குறியெண்ணாகவும், ஒற்றைக்கொம்பு, கால் என்னும் இரு குறியெண்களாகவும் எழுதலாம். இரண்டும் சமமானவை என ஒருங்குறி வரையறுத்துள்ளது. இதைக் கருத்தில் கொள்ளாத மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு சொற்களாகக் கொள்ளும்.
* ஔகாரம்: ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரத்தை ஒத்திருப்பதால் பலர் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து எழுதிவிடுகின்றனர். கண்ணுக்குப் பிழை தெரியாது. தேடலிலும் பிழைதிருத்தியிலும் மட்டுமே அது வெளிப்படும்.
* இடம் மாறும் கொம்பு: கையடக்க ஆவணக் கோப்புகளிலிருந்து உரையைப் படியெடுக்கும்போது கொம்பு தன் எழுத்துக்கு முன்னரே பிரிந்து நிற்பதுண்டு.

இவை ஒவ்வொன்றையும் உள்ளீட்டு முறை, எழுத்துரு, எழுத்துருவாக்கப் பொறி, செயலி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோற்றுவிக்கலாம். எதில் வழு உள்ளது எனப் பயனர் அறிந்திருக்க வேண்டிய தேவை இல்லை. வேறொரு எழுத்துருவிலும் வேறொரு செயலியிலும் அதே சொல்லைச் சோதித்து விளைவைக் குறிப்பிட்டாலே உருவாக்குநர் இடத்தைக் கண்டுகொள்வார். வழு எழுத்துருவில் உள்ளதாயின் எழுத்துருவை மாற்றியதும் அது மறையும். செயலியில் உள்ளதாயின் எல்லா எழுத்துருவிலும் நீடிக்கும்.

சௌராட்டிர எழுத்து

சிறுபான்மை மொழிகளில் பயனரின் பொறுப்பு இன்னும் மிகுதியாகும். மதுரையில் பெருந்தொகையாக வாழும் சௌராட்டிரர்களின் மொழிக்குத் தனி எழுத்து உண்டு. மதுரையைச் சேர்ந்த தொ. மு. இராமராய் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதைச் சீரமைத்து நூல்களை வெளியிட்டார். நடைமுறையில் இம்மொழி தமிழ் எழுத்திலும் பரவலாக எழுதப்படுகிறது. ககர, தகர வேறுபாடுகளைக் காட்ட மேல் எண்கள் இடப்படுவதுண்டு.

2008ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறி 5.1 பதிப்பில் சௌராட்டிர எழுத்து 81 குறிகளுடன் சேர்க்கப்பட்டது. விடுபட்டிருந்த சந்திரபிந்து என்னும் குறி, 2016ஆம் ஆண்டின் 9.0 பதிப்பில் 82ஆவது குறியாகச் சேர்ந்தது. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் அக்குறியைக் கணினியில் தரமான முறையில் எழுத வழி இருக்கவில்லை. கட்டற்ற உரிமத்தில் வெளியாகும் நோட்டோ எழுத்துருத் தொகுப்பில் இன்று சௌராட்டிர எழுத்துருவும் உண்டு. அதில் ஒரு குறி தவறான இடத்தில் அமைந்தால் அதைக் கண்டு கூறத்தக்கவர்கள் மதுரை, பரமக்குடி, சேலம், கும்பகோணம் முதலிய ஊர்களில் அவ்வெழுத்தைப் படிக்கத் தெரிந்த சிலரே ஆவர். அவர்களுள் பலர் முதியவர்கள் என்பதால், கணினி அறிந்த இளையோர் அவர்களிடம் கேட்டு அறிக்கை எழுதுவது பயன் தரும்.

மொழிபெயர்ப்பு

இடைமுக மொழிபெயர்ப்பு பலருக்கு நுழைவாயிலாக அமைந்துள்ளது. 2000களின் தொடக்கம் முதல் கேடிஈ, க்னோம் பணிச்சூழல்கள், ஓப்பன் ஆபீஸ், ஃபயர்பாக்ஸ் ஆகியவற்றைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினர். தமிழா குழுவும் உபுண்டு தமிழ்க் குழுமமும் இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளின் இடைமுகம் டிரான்ஸ்லேட்விக்கி தளத்தில் மொழிபெயர்க்கப்படுகிறது. மலையாள விக்கிப்பீடியர் ஒருவர் உருவாக்கிய நாராயம் என்னும் உள்ளீட்டு நீட்சி தமிழ் விசைப்பலகைகளையும் கொண்டிருந்தது. 2013இல் அதன் இடத்தைப் பன்மொழித் தெரிவுக் கருவி பெற்றது. ஒரு மொழியின் பயனருக்காகச் செய்த பணி பிற மொழிகளுக்கும் பயன்படுவது கட்டற்ற மென்பொருளின் இயல்பாகும்.

மொழிபெயர்ப்பில் கலைச்சொல் ஒருமை ஒரு தொடர் சிக்கலாகும். கோப்பு, கோவை, ஆவணம் என ஒரே பொருளுக்கு மூன்று சொற்கள் ஒரே மென்பொருளில் வருவதுண்டு. தமிழகத்திலும் இலங்கையிலும் வழங்கும் சொற்கள் வேறுபடுவதும் இதற்கு ஒரு காரணம். நாள்தோறும் அம்மென்பொருளைப் பயன்படுத்துவோரின் கருத்தே இங்கு சிறந்த அளவுகோல் எனலாம்.

தடைகள்

பயனர்கள் பலர் உருவாக்குநர்களை அணுகாமல் இருப்பதற்குப் பல காரணங்கள் உள்ளன.

* மொழி: வழுத்தட அமைப்புகளில் பெரும்பாலும் ஆங்கிலமே பயன்படுகிறது. தமிழ்வழிக் கல்வி பெற்றோர் இதனாலேயே தயங்குகின்றனர். எளிய, பிழையுள்ள ஆங்கிலத்தில் அமைந்த அறிக்கையும் ஏற்கப்படும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.
* பயனரென்ற உணர்வின்மை: பலர் கட்டற்ற மென்பொருளைத் தாமே தேர்ந்தெடுப்பதில்லை. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வெளியானது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வழங்கப்பட்ட கணினிகளில் விண்டோசுடன் அதுவும் இருந்தது. இவ்வாறு பெற்றவருக்கு, அம்மென்பொருளின் பின்னால் அணுகத்தக்க மனிதர்கள் இருப்பது தெரியாமற்போகலாம்.
* தன் மீதான ஐயம்: வழுவைக் கண்டவர் அது தம் அறியாமையால் நேர்ந்தது எனக் கருதி விட்டுவிடுவதுண்டு.
* இணைய வசதி: மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதிச் சிற்றூர்களில் 2001ஆம் ஆண்டு முதல் சாரி திட்டத்தின் கீழ் கம்பியில்லா இணைப்புடன் இணைய மையங்கள் அமைக்கப்பட்டன. அக்காலத்தில் கட்டணம் செலுத்திச் சில நிமிடங்களே இணையத்தைப் பயன்படுத்திய ஒருவர், வழு அறிக்கை எழுதி விடைக்குக் காத்திருத்தல் எளிதன்று. கைப்பேசி இணையம் பரவிய பின்னர் இத்தடை பெரிதும் குறைந்துள்ளது.
* பழைய எழுத்துருக்கள்: அச்சகங்களில் ஒருங்குறி அல்லாத எழுத்துருக்கள் நீண்ட காலம் நிலைத்திருந்தன. அங்குள்ள தமிழறிவும் அச்சு நுட்ப அறிவும் ஒருங்குறி மென்பொருட்களை எட்டவில்லை.
* களங்கள் மறைதல்: தமிழ் லினக்ஸ் தொடர்பான தொடக்ககால உரையாடல்கள் பல யாகூ குழுமங்களில் நிகழ்ந்தன. அச்சேவை 2020ஆம் ஆண்டு டிசம்பரில் மூடப்பட்டது. கூகுள் கோட் தளம் 2016இல் மூடப்பட்டது. முன்னர் தீர்க்கப்பட்ட சிக்கல்களின் பதிவுகள் இவ்வாறு அழியும்போது, அதே கேள்விகள் மீண்டும் எழுகின்றன.

இத்தடைகளைக் குறைப்பதில் பயனர் குழுக்கள் இடைநிலையாளராகச் செயல்படுகின்றன. சென்னை, காஞ்சிபுரம் முதலிய ஊர்களின் லினக்ஸ் பயனர் குழுக்கள் இவ்வகையின. கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் எழுதும் கணியம் மின்னிதழ் 2012ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பயனர் தமிழில் கூறுவதை அனுபவமுள்ள ஒருவர் ஆங்கிலத்தில் அறிக்கையாக்குவது நல்ல பயனைத் தரும்.

நடைமுறை ஒழுங்குகள்

கட்டற்ற மென்பொருள் உரிமங்கள் பொதுவாக எவ்வித உத்தரவாதமும் இன்றியே மென்பொருளை வழங்குகின்றன. உருவாக்குநர்களுள் பலர் ஊதியமின்றித் தம் ஓய்வு நேரத்தில் உழைப்பவர்கள். எனவே பயனர் வாடிக்கையாளர் அல்லர். உருவாக்குநர் கடைக்காரரும் அல்லர். இந்த உறவிலிருந்து சில வழக்கங்கள் உருவாகியுள்ளன.

* கேட்கும் முன்னர் அதே வழு ஏற்கெனவே அறிவிக்கப்பட்டுள்ளதா எனத் தேடுதல்.
* ஓர் அறிக்கையில் ஒரு வழுவை மட்டும் எழுதுதல்.
* "அவசரம்", "உடனே" போன்ற சொற்களைத் தவிர்த்தல்.
* தனிப்பட்ட முகவரிக்கு எழுதாமல் பொதுவிடத்தில் எழுதுதல். பிறர்க்கும் விடை பயன்படும் என்பதே இதன் காரணம். பாதுகாப்பு தொடர்பான வழுக்கள் இதற்கு விதிவிலக்கு. அவற்றை முதலில் தனியாகவே தெரிவிக்க வேண்டும்.
* மாதிரிக் கோப்பில் பிறருடைய பெயர், தொலைபேசி எண் முதலியன இருப்பின் நீக்குதல்.
* தீர்வு கிடைத்ததும் அதைத் தெரிவித்தல்.

புதியவர்களிடம் கடுமையாகப் பேசும் உருவாக்குநர்களும் உள்ளனர். இதனால் பயனர்கள் விலகுவதை உணர்ந்து பல திட்டங்கள் நடத்தை நெறிகளை ஏற்றுள்ளன. லினக்ஸ் கருனித் திட்டம் 2018ஆம் ஆண்டு அத்தகைய நெறியை ஏற்றது.

வரம்புகளும் விமர்சனங்களும்

பலர் பயன்படுத்துவதாலேயே வழுக்கள் வெளிப்பட்டுவிடும் என்ற கருத்து விமர்சனத்துக்கு உள்ளாகியுள்ளது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தில் 2012இல் வெளியான பதிப்பில் இருந்த ஹார்ட்பிளீட் எனும் பாதுகாப்பு வழு, 2014ஆம் ஆண்டு ஏப்ரலிலேயே வெளியுலகுக்குத் தெரியவந்தது. உலகின் இணையத்தளங்களில் பெரும்பகுதி பயன்படுத்திய அந்நிரலகத்தைப் பேணியோர் மிகச் சிலரே.

மறுபுறம், 2024ஆம் ஆண்டு மார்ச் 29ஆம் நாள் எக்ஸ்இசட் எனும் சுருக்க மென்பொருளில் திட்டமிட்டு நுழைக்கப்பட்ட பின்கதவு வெளிப்பட்டது. தொலைக்கணினியில் புகுபதிகை செய்ய ஏறத்தாழ அரை நொடி கூடுதலாவதைக் கவனித்த ஆன்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்னும் மென்பொருள் பொறியாளர் அதன் காரணத்தைத் தேடியதால் இது கண்டறியப்பட்டது. சிறு மாற்றத்தையும் புறக்கணிக்காத பயன்பாட்டின் மதிப்புக்கு இது சான்றாகக் கொள்ளப்படுகிறது. இதே நிகழ்வில் மற்றொரு பாடமும் உண்டு. திட்டத்தைத் தனியாகப் பேணிவந்தவர் மெதுவாகச் செயல்படுகிறார் எனச் சில கணக்குகள் தொடர்ந்து குறை கூறி, பொறுப்பைப் பிறருக்கு வழங்குமாறு அழுத்தம் கொடுத்திருந்தன. அவை தாக்குதலுக்கு வழியமைக்க உருவாக்கப்பட்ட போலிக் கணக்குகள் எனப் பின்னர் ஐயுறப்பட்டது. பயனரின் கோரிக்கை அளவு கடக்கும்போது பேணுநரைச் சோர்வடையச் செய்யும் என்பதை இந்நிகழ்வு காட்டியது.

தமிழைப் பொறுத்தவரை சிக்கல் பெரும்பாலும் இதற்கு எதிர்த்திசையில் உள்ளது. கோரிக்கைகள் மிகுதியாக இருப்பதன்று, மிகக் குறைவாக இருப்பதே இங்கு குறையாகும். ஒரு மொழியிலிருந்து அறிக்கைகள் வராதபோது, அம்மொழியில் வழுக்கள் இல்லை என்றோ பயனர்களே இல்லை என்றோ உருவாக்குநர்கள் கருத இடமுண்டு. எந்தப் பணியை முதலில் செய்வது என்ற தெரிவில் அம்மொழி பின்தள்ளப்படுவதற்கு இது காரணமாகலாம்.

இவற்றையும் பார்க்கவும்

* கட்டற்ற மென்பொருள்
* திறந்த மூலநிரல்
* தமிழ்க் கணிமை
* தமிழ்99
* ஒருங்குறி
* மதுரைத் திட்டம்
* சௌராட்டிர எழுத்து